திருட வந்தவனா, கொல்ல வந்தவனா?

ஒருவர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அலுமாரி திறந்து கிடக்கிறது. திருட வந்தவன் அகப்பட்டுக்கொண்டதால் அடித்துவிட்டு ஓடினானா, கொல்லவே வந்தவன் திருட்டுப்போலக் காட்டிவிட்டுப் போனானா? பொலிஸார் இதற்கு விடை காண மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஊருக்கோ அன்று மாலைக்குள் விடை கிடைத்துவிடுகிறது, பெரும்பாலும் ஒரு பெயரோடு. மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டை, உக்குவளை மலைச்சரிவுகளில், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் முதியோரின் பாதுகாப்பு இந்த விடை சரியாக இருப்பதைப் பொறுத்தது.

விசாரணையாளர் பார்ப்பவை சிறிய விடயங்கள். கதவு உடைக்கப்பட்டதா, தெரிந்தவருக்குத் திறக்கப்பட்டதா? கண்ணாடி உள்ளே சிதறியிருக்கிறதா, வெளியேயா? ஆயுதம் கொண்டுவரப்பட்டதா, குசினியில் எடுத்ததா? பழகிய திருடன் நகையும் பணமும் இருக்கும் இடத்தைத் தேடுவான். திருட்டுப்போல நடிப்பவன் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டுக் கழுத்துச் சங்கிலியை விட்டுப் போயிருப்பான். ஆனால் எந்த அடையாளமும் தனியே தீர்ப்பாகாது. முகம் தெரிந்துவிட்டதென்று பதறிய திருடனும் பலமுறை வெட்டக்கூடும். பகையால் கொன்றவனும் நகையை எடுத்துச் செல்லக்கூடும். சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பற்றிச் சொல்வதும், தொலைபேசிப் பதிவுகளும், அடகுக்கடைக்கு வரும் நகையும் சேர்ந்த பிறகே படம் தெளியும்.

இந்த இரண்டு வகையிலும் அடங்காத வழக்குகளும் உண்டு. 2017 ஏப்ரலில், தமிழ்நாட்டு முதலமைச்சராயிருந்த ஜெயலலிதா மறைந்து சில மாதங்களில், நீலகிரியிலுள்ள அவரது கோடநாடு பங்களாவுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார், இன்னொருவர் காயமடைந்தார். சில கைக்கடிகாரங்களும் ஒரு பளிங்குக் காண்டாமிருகப் பொம்மையும் களவுபோயின என்றது பொலிஸ். அவ்வளவு பெரிய துணிச்சல் இவ்வளவுக்குத்தானா, ஆவணங்கள் தேடப்பட்டனவா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 2022இல் விசாரணை தமிழ்நாட்டுப் பொலிஸின் சிபிசிஐடி பிரிவிடம் போனது. இறந்த காவலாளி யாருக்கும் எதிரியல்லர். குறி வைக்கப்பட்டது வீடு.

முதல் முடிவு பிழைத்தால் திருத்த வருடங்கள் ஆகும். 2012 மே மாதம் நாரஹேன்பிட்டியில் றக்பி வீரர் வசீம் தாஜுதீனின் மரணம் முதலில் வீதி விபத்தெனக் கொள்ளப்பட்டது. 2015இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, 2016இல்தான் நீதிமன்றம் அதைக் கொலை என்றது. காலம் போனால் விஞ்ஞானமும் ஒரே குரலில் பேசாது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கிடைக்கத் தொடங்கிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை.

மக்களின் தயக்கத்தையும் குறை சொல்ல முடியாது. சாட்சி சொன்னால் கூலி இழந்து நீதிமன்றம் அலைய வேண்டும். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பமிட வேண்டிய நிலையும் வருகிறது. பொலிஸாரின் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது: அவர்கள் வருமுன்னரே பத்துப் பேர் அறைக்குள் போய் வந்திருப்பார்கள், ஒருவர் இரத்தத்தைக் கழுவியிருப்பார், படம் முகநூலில் ஏறியிருக்கும். அன்பினால் செய்ததுதான், ஆனாலும் தடயம் போய்விட்டது. தகவலை மறைக்கும் பொலிஸாரும் வதந்திக்கு இடம் கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னால் குற்றவாளி உஷாராகிவிடுவான் என்பதும் உண்மை.

இடையில் ஒரு வழி இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று ஒருவர் மட்டும் பார்க்கட்டும். பிறகு கதவருகே இருவர் நிற்க, 119க்கு அழைக்கலாம். கிராம உத்தியோகத்தரும் சிவில் பாதுகாப்புக் குழுவும் தோட்டத் தலைவர்மாரும் இதை முன்கூட்டியே பேசி வைக்கலாம். பொலிஸ் தரப்பில் ஓர் அதிகாரி, சொல்லக்கூடியதை மட்டும், இரு மொழியிலும் சொல்லட்டும். தமிழில் தந்த வாக்குமூலம் தமிழிலேயே பதியப்படட்டும். சாட்சிகளைப் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைத் தோட்டங்களில் எடுத்துச் சொல்வது யாருக்கும் கடினமல்ல. அந்த வீட்டுக்கு அண்மையில் யார் வந்து போனார்கள், நாய் அன்றிரவு குரைத்ததா என்பது அயலவருக்கே தெரியும். அதை முகநூலில் எழுதாமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள்.