தோல்பாவைகளைக் காக்க அருங்காட்சியகம் மட்டும் போதுமா? பாலக்காட்டுக் கூத்து எழுப்பும் கேள்வி

பாலக்காடு: கம்பராமாயணத்தைத் தமிழிலேயே பாடி, அதற்கு நிழலில் உருவம் கொடுக்கும் கேரளத்தின் தோல்பாவைக்கூத்து, அரசு விருதுகளையும் அருங்காட்சியகங்களின் கவனத்தையும் பெற்றுவிட்டது. ஆனால், தோலைப் பக்குவப்படுத்தவும், பாவை செதுக்கவும், கிழிந்ததைச் செப்பனிடவும் தேவையான தொழிலறிவு ஒரு சில குடும்பங்களுக்குள்ளேயே சுருங்கி நிற்கிறது. பொருளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதை உருவாக்கிய அறிவுக்கும் கிடைக்குமா என்பதே இன்று எழும் கேள்வி.

தமிழ் ஒலிக்கும் கூத்துமாடம்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி உள்ளிட்ட சித்தூர் வட்டக் கிராமங்களில் தமிழ் அன்றாடப் பேச்சு மொழியாக உள்ளது. அங்கிருந்து மேற்கே பாரதப்புழை ஆற்றின் போக்கில் சென்றால், மலையாளம் பேசும் ஊர்களிலும் பகவதி கோவில் கூத்துமாடங்களில் கம்பனின் பாடல்கள் ஒலிப்பதைக் கேட்கலாம். பாடல் தமிழில் வரும். விளக்கத்தில் மலையாளமும் கலந்திருக்கும்.

தாருகாசுரனுடன் போரிட்டுக்கொண்டிருந்ததால் இராம-இராவணப் போரைக் காண முடியாமல் போன பத்ரகாளிக்காகவே இக்கூத்து நிகழ்த்தப்படுகிறது என்பது ஐதிகம். நிரந்தரமாகக் கட்டப்பட்ட மாடத்தில், வெண்திரைக்குப் பின்னே வரிசையாக 21 விளக்குகள் தேங்காய் மூடிகளில் ஏற்றப்படும். கூத்து 21 இரவுகள் வரை நீள்வதுண்டு. பார்வையாளர் எவரும் இல்லாத இரவுகளிலும் கலைஞர்கள் விடியும்வரை பாடுவதை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளியான தமது நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

தோலும் சட்டமும்

இக்கூத்தின் பழைய பாவைகள் மான் தோலால் ஆனவை. உறுதியும் இலேசான எடையும் கருதி அத்தோல் தேர்ந்தெடுக்கப்பட்டது. முடி நீக்கி உலர்த்திய தோலில் உருவம் வரைந்து, சிற்றுளிகளால் நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, ஆடையும் அணிகலனும் தோன்றச் செய்வார்கள். கேரளப் பாவையின் நிழல் பெரும்பாலும் கருமையாகவே விழுவதால், துளைகளின் வழியே கசியும் ஒளிதான் பாத்திரத்தை அடையாளம் காட்டுகிறது. துளையின் அளவும் இடைவெளியும் தவறினால் நிழல் பேசாது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மான் வேட்டை தடை செய்யப்பட்டது மட்டுமின்றி, சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வன விலங்கும் அதன் தோலும் அரசின் உடைமையாகின்றன. வன வளத்தைக் கருதினால் இது தவிர்க்க முடியாத கட்டுப்பாடு. அதன் விளைவாகக் கலைஞர்கள் ஆட்டுத்தோல் முதலியவற்றுக்கு மாறியுள்ளனர். மான் தோலால் பாவை செய்யும் ஒடிசாவின் இராவணசாயா கூத்தும் இதே நெருக்கடியைச் சந்தித்தது.

இம்மாற்றத்தால் இரண்டு பொறுப்புகள் எழுகின்றன. பழைய மான் தோல் பாவைகளுக்கு இனி மாற்று கிடையாது. எனவே, ஒவ்வொன்றின் பராமரிப்பும் முக்கியமாகிறது. மறுபுறம், மான் தோலுக்காகப் பல தலைமுறைகளில் உருவான அளவுகளையும் உளி வேலையையும் புதிய தோலுக்கு ஏற்பத் திருத்த வேண்டியுள்ளது.

பாதுகாப்பில் உள்ள சிக்கல்

தொழிற்சாலையில் வேதிப்பொருள்களால் பதனிடப்பட்ட தோலைப் போன்றதல்ல பாவைத் தோல். காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. மழைக்காலத்தில் ஊறி விரியும். கோடையில் வறண்டு சுருங்கும். ஆண்டுதோறும் இது நிகழும்போது பாவை வளைகிறது. துளைகள் நெருக்கமாக உள்ள இடங்களில் கிழிசல் தொடங்குகிறது. ஈரம் நீடித்தால் பூஞ்சையும், கவனிக்காமல் விட்டால் தோல் தின்னும் வண்டுகளும் சேரும். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பசையும் படிந்து துளைகளை அடைக்கும்.

வெப்பமும் ஈரப்பதமும் சீராக உள்ள, ஒளி குறைந்த அறையில் பாவையைக் கிடத்தி வைப்பது அருங்காட்சியகத்தின் வழி. அது சிதைவைத் தாமதப்படுத்தும். ஆனால், எந்தக் கிழிசலைத் தைக்கலாம், எந்த இடத்தில் தையல் போட்டால் நிழல் கெடும், படிந்த கரியில் எது அழுக்கு, எது பழைய வண்ணப் பூச்சு என்பவற்றைப் பாவையைக் கையாண்டு பழகியவரே உறுதியாகச் சொல்ல முடியும். அந்த அறிவு இல்லாத சீரமைப்பு, பொருளைக் காப்பதாக எண்ணி அதன் பயனை அழித்துவிடக்கூடும்.

இயந்திரம் தரும் துணை

ஷொர்ணூர் அருகே கூனத்தறையில் மறைந்த கிருஷ்ணன்குட்டிப் புலவரின் குடும்பம் இக்கலையைத் தொடர்கிறது. அவருடைய மகன் கே.கே. இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே காலகட்டத்தில், பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பாவைகளை ரோபோ அசைக்கும் அமைப்பும் அறிமுகமானது.

இளைய தலைமுறையின் கவனத்தை ஈர்க்க இது உதவும். எனினும், ரோபோவின் கையில் இருக்கும் பாவையையும் யாரோ ஒருவர் செதுக்கித்தான் ஆக வேண்டும். கூத்து நிகழும் எண்ணிக்கை குறைந்தால் பாவைக்கான தேவை குறையும். தேவை குறைந்தால் செதுக்குபவர் வேறு வேலை தேடுவார்.

ஆந்திரப் பிரதேசத்தின் நிம்மலகுண்டா கிராமம் இதற்கு வேறொரு வழியைக் கண்டது. பாவை செய்த கைகள் அங்கு தோலால் விளக்குக் கூடுகளையும் அலங்காரப் பொருள்களையும் செய்கின்றன. ஆந்திரத் தோல்பாவைக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. தோல் வேலை பிழைத்தது. ஆனால், சந்தை வாங்குவது அலங்காரப் பொருளைத்தான், இரவு முழுவதும் நிகழும் கூத்தை அல்ல.

அடுத்து என்ன?

யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கை, கைவினைத் திறனையும் பாரம்பரிய அறிவையும் மரபுச் செல்வமாக ஏற்கிறது. இந்தியா 2005-இல் அதில் இணைந்தது. இந்தோனேசியாவின் வயாங், துருக்கியின் கரகோஸ், சீன நிழற்பாவைக் கூத்து ஆகியவை அதன் பட்டியலில் உள்ளன. போரால் அழிவை எதிர்நோக்கிய சிரியாவின் நிழற்பாவைக் கூத்து, 2018-இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பட்டியலுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய பணிகளும் உள்ளன. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், பண்பாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்காக லக்னோவில் உள்ள தேசிய ஆய்வுக்கூடமும் கலைஞர்களுடன் இணைந்தால், மாற்றுத் தோல்களைச் சோதித்து, பழுதுபார்க்கும் முறைகளை எழுத்திலும் காணொலியிலும் பதிவு செய்யலாம். கற்க வரும் இளைஞருக்கு உதவித்தொகையும், சீரமைப்பில் பங்கேற்கும் புலவருக்கு நிபுணருக்குரிய ஊதியமும் வழங்கப்பட வேண்டும். பாடல்களைப் பாட வேறுபாடுகளுடன் பதிவு செய்யும் பணியில், எல்லைப்புறக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள் இயல்பாகவே துணை நிற்க முடியும்.

மான் தோலைச் சட்டம் தடுத்ததற்கு வலுவான காரணம் உண்டு. அத்தோலில் விளைந்த அறிவைக் கைவிடுவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை.