ஹாஸ்டல்னா வெறும் கட்டில் மட்டுமா?

மங்களூர்னு சொன்னா, "ஓ, நிறைய மெடிக்கல் காலேஜ் இருக்குமே அந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. சார், அது கர்நாடகா! எங்க மங்களூர் கடலூர் மாவட்டம், திட்டக்குடி பக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையற ஊர். :-)

எங்க தெருப் பொண்ணு ஒண்ணு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல எம்பிபிஎஸ் சேர்ந்தா. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2020-ல வந்த சட்டம். ஹாஸ்டல் ஃபீசைக்கூட அரசாங்கமே கட்டிடுது. தெருவே பட்டாசு வெடிச்சுது. மூணாவது மாசம் போன். "அண்ணா, நான் ஊருக்கே வந்துடறேன். அனாடமி கிளாஸ்ல ஒண்ணும் புரியல. ரூம்ல எல்லாரும் இங்கிலீஷ் மீடியம், கேக்கக் கூச்சமா இருக்கு."

ஹாஸ்டல்னாலே எங்க பக்கம் ஒரு பயம் உண்டு. 1996-ல சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில முதல் வருஷம் படிச்ச பொன் நாவரசு ராகிங்குல கொலை செய்யப்பட்டார். அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. முதல் வருஷப் பசங்களைத் தனியாத் தங்க வைக்கணும்னு விதியும் இருக்கு. ரொம்பச் சரி. அடி விழாம பாத்துக்கிட்டோம். கை கொடுக்க ஆள் வச்சோமா? சேர்ந்ததும் ஃபவுண்டேஷன் கோர்ஸ்னு கொஞ்ச நாள் நடத்தறாங்க. இங்கிலீஷ் பயம் கொஞ்ச நாள்லயா போகும்?

அமெரிக்காவுல பல பல்கலைக்கழகங்கள்ல மருத்துவம், நர்சிங்னு படிக்க வர்ற புதுப் பசங்களை ஒரே மாடியில தங்க வச்சு, சேர்ந்து படிக்க வைக்கறாங்க. அவ்வளவு தூரம் ஏன்? வேலூர் சிஎம்சியில முதல் வருஷ மருத்துவ மாணவர்களை நர்சிங் மாணவர்களோட சேர்த்து ஒரு கிராமத்துல தங்க வச்சு, வீடு வீடா அனுப்பறாங்க. நாளைக்கு ஒரே வார்டுல வேலை பாக்கப் போறவங்க இன்னிக்கே பழகிக்கட்டுமே!

"சீனியரை உள்ள விட்டா மறுபடி ராகிங்தானே?"ன்னு கேப்பீங்க. ரூமுக்குள்ள விட வேணாம். சாயங்காலம் ரெண்டு மணி நேரம், பொது ஹால்ல, ஒரு வாத்தியார் கூட உக்காந்திருக்க, விருப்பப்பட்ட சீனியர் வந்து சொல்லித் தரட்டும். இதுக்குப் புதுக் கட்டடம் வேணாம், ஒரு மேஜையும் மனசும் போதும்.

அந்தப் பொண்ணு படிப்பை விடல. நான் சொன்ன புத்திமதியால இல்லீங்க. பக்கத்து ரூம்ல இன்னொரு தமிழ் மீடியம் பொண்ணு இருந்திருக்கா. ராத்திரி பத்து மணிக்கு எலும்பைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தமிழ்லயே பேசிப் பேசிப் படிச்சாங்களாம்.

அது அவ அதிர்ஷ்டம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பக்கத்து ரூம் அமையுமா? அதிர்ஷ்டத்தை ஒரு ஏற்பாடா மாத்தினா என்னங்க?