புது மீனுக்குத் தனித் தொட்டி வேண்டும்

சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே பட்டியில் அடைப்பது கெட்டிக்கார விவசாயியின் பழக்கமல்ல. சில நாள் தனியே கட்டி, தீனி எடுக்கிறதா, கழிகிறதா என்று பார்த்த பிறகே மந்தையோடு விடுவார். கடல் வண்ண மீன் வளர்ப்போருக்கும் இதே முன்யோசனை தேவை.

கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் வண்ண மீன் வளர்க்கவும் மானியம் சேர்க்கப்பட்டது. ஆனால் மானியம் போக மீதிப் பணம் குடும்பத்தின் பணம். நோயுற்ற ஒரே மீன், முட்டையிடும் தாய் மீன்களையும் சேர்த்து அழித்துவிடும்.

கடல் மீன்களின் வெண்புள்ளி நோய் இதற்குச் சான்று. இது இறால் பண்ணையாளர் அறிந்த வெண்புள்ளி நச்சுயிரி அன்று, ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாள் வளர்ந்து, கீழே விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக் கொள்ளும். புள்ளி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று மகிழ்வது தவறு. ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சு ஒட்டுண்ணிகள் வெளிவந்து மீண்டும் மீனைத் தாக்கும்.

புள்ளியைக் கண்டதும் கையில் கிடைத்த மருந்தைக் கொட்டுவது அதைவிடக் கேடு. உயிர்க்கொல்லி மருந்துகள் ஒட்டுண்ணியை ஒழிக்கமாட்டா. தாமிர மருந்து ஒழிக்கும். ஆனால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில், நாள்தோறும் சோதித்து, இரண்டு மூன்று வாரம் நிலைநிறுத்த வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீன் சாகும். செதிலற்ற மாண்டரின் மீன் அதை எளிதில் தாங்காது. கடல் சாமந்தியும் இறாலும் மடியும். பவளக்கல்லும் சிப்பியும் தாமிரத்தை உறிஞ்சி அளவைக் கெடுக்கும்.

மென்மையான மீன்களுக்கு மருந்தில்லாத வழியே முதல் வழியாக வேண்டும். மணலோ கல்லோ இல்லாத இரண்டு தொட்டிகள், தனி வலை, தனிக் காற்றுக்குழாய், மீன் ஒளிய ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போதும். 3 நாளுக்கு ஒருமுறை, நான்கு முறை, அதே உப்பும் அதே வெப்பமும் கொண்ட புதுக் கடல் நீருள்ள தொட்டிக்கு மீனை மாற்ற வேண்டும். கூடு வெடிக்கு முன்பே மீன் இடம் மாறிவிடும். காலியான தொட்டியைக் கழுவி நன்கு வெயிலில் காய வைக்க வேண்டும். பிறகு 30-ஆம் நாள் வரை தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். மேலெல்லாம் தூசு படிந்தாற்போலிருந்து வேகமாக மூச்சு வாங்கினால் அது வேறு நோய். ஓரிரு நாளில் மீனைக் கொல்லக்கூடியது. அப்போது தாமதமின்றி மீன்வளத் துறை அலுவலரை அணுகித் தாமிர சிகிச்சை தொடங்க வேண்டும்.

தனித் தொட்டி வீண் செலவு என்று சிலர் எண்ணலாம். அது விளைச்சலுக்கு இடும் வேலி. கடன் கொடுக்கும் வங்கிகளும் திட்டம் தீட்டும் அலுவலர்களும் மதிப்பீட்டிலேயே இதைச் சேர்ப்பது நல்லது. அதுவரை, தனித் தொட்டி தயாராகாமல் புது மீன் வாங்குவதில்லை என்று வளர்ப்போர் உறுதி கொள்வதே நட்டத்தைத் தவிர்க்கும் வழியாகும்.