கதவுக்கு அந்தப் பக்கம்

1882 செப்டம்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற சிற்றூர். டிக்கின்சன் வீட்டுக் கூடத்தில் மேபல் லூமிஸ் டாட் என்ற இளம்பெண் பியானோ வாசித்துப் பாடினார். அந்த வீட்டின் மூத்த மகளான கவிஞர் எமிலி வெளியே வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே கேட்டார். பாட்டு முடிந்ததும் உள்ளேயிருந்து ஒரு கிளாஸ் ஷெர்ரி வந்தது, கூடவே ஒரு கவிதையும். அதன் பிறகு மேபல் எத்தனையோ முறை அங்கே போனார். எமிலி உயிரோடிருந்தவரை முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. 1890இல் எமிலியின் முதல் தொகுப்பை, எமிலி கடிதம் எழுதிவந்த இலக்கியவாதி ஹிக்கின்சனுடன் சேர்ந்து பதிப்பித்தவர் இதே மேபல்தான்.

மேபல் பாடிய 94 ஆண்டுகளில் இடம் மாறிவிட்டது. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் லாங்கேக்கர் அரங்கில் எமிலி வெளிச்சத்துக்கு வந்தார். இருட்டில் உட்கார்ந்தது நாம். வில்லியம் லூஸ் எழுதி, சார்லஸ் நெல்சன் ரெய்லி இயக்கிய 'தி பெல் ஆஃப் ஆம்ஹர்ஸ்ட்' நாடகத்தில் ஜூலி ஹாரிஸ் ஒருவரே நடிகர். வெள்ளை உடையில் தேநீர்த் தட்டோடு வருவார். வந்ததும் வராததுமாகக் கேக் செய்முறை சொல்லத் தொடங்கிவிடுவார். அப்பா, தங்கை, ஊரார் என எல்லோரும் அந்த ஒரு வாய் வழியாகவே பேசினார்கள். 116 காட்சிகள் நடந்தன. அடுத்த ஆண்டு ஹாரிஸுக்கு டோனி விருது கிடைத்தது.

அதன் தொலைக்காட்சிப் பதிவை அண்மையில் நண்பர்கள் சிலரோடு பார்த்தோம். முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு நண்பர் கேட்ட முதல் கேள்வி: "பத்தொன்பது முட்டைன்னா சொன்னாங்க?" ஆமாம், பத்தொன்பதுதான். எமிலி கைப்பட எழுதிய கேக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு யாரும் ஒரு கவிதையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. இந்த வகை நாடகத்தின் வெற்றியும் ஆபத்தும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகின்றன என்று தோன்றியது.

ஒற்றையாள் நாடகத்தில் யாரிடமாவது பேசியே ஆகவேண்டும். எதிரில் இன்னொரு பாத்திரம் இல்லாதபோது பார்வையாளர்தான் விருந்தாளி. எமிலியோ விருந்தாளி வந்தால் மாடியேறிவிடுகிறவர். அப்படிப்பட்டவரைச் சபைக்கு நடுவே நிறுத்திப் பேச வைப்பது துரோகம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒதுங்கியிருப்பது வேறு, வாய்மூடியிருப்பது வேறு. கிடைத்த வரையில் எமிலியின் கடிதங்களே ஏறக்குறைய ஆயிரம். 1870இல் ஹிக்கின்சன் நேரில் பார்க்கப் போனபோது, இரண்டு அல்லி மலர்களைக் கையில் கொடுத்துவிட்டு எமிலி பேசத் தொடங்கினார், பேச்சு நின்றபாடில்லை. இப்படித் தன் நரம்பையே உறிஞ்சிய இன்னொருவரைச் சந்தித்ததில்லை என்ற பொருள்பட ஹிக்கின்சன் பின்னர் எழுதினார். ஆக எமிலி பேசாதவர் இல்லை. யாரிடம், எப்போது, எந்தக் கதவிடுக்கு வழியாக என்பதைத் தானே முடிவு செய்தவர். நாடகம் அவருக்குப் பேச்சைக் கொடுத்தது. அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. சூசன் கிளாஸ்பெல்லின் 'அலிசன்ஸ் ஹவுஸ்' 1931இல் புலிட்சர் பரிசு பெற்றது. எமிலியை மனதில் வைத்து எழுதியதுதான், ஆனால் அதில் கவிஞர் மேடைக்கு வரவே மாட்டார். இறந்து பதினெட்டு ஆண்டுகளான பிறகு அவர் விட்டுப்போன தாள்களை என்ன செய்வது என்று குடும்பம் அடித்துக்கொள்கிறது. நாகரிகமான தீர்வு. ஆனால் கவிஞரின் மூச்சு அதில் இல்லை.

ஹாரிஸிடம் இருந்தது அந்த மூச்சுதான். எமிலியின் ஏறத்தாழ 1,800 கவிதைகளில் அவர் வாழ்நாளில் அச்சேறியவை பத்துச் சொச்சம். அவற்றிலும் அவர் பெயர் இல்லை. 1866இல் பாம்பைப் பற்றிய கவிதை ஒன்று, அவர் அனுப்பாமலேயே, ஒரு நாளிதழில் வந்தது. வரி முடிவில் போட்ட ஒரே ஒரு நிறுத்தக்குறி பொருளைக் கெடுத்துவிட்டதென்று ஹிக்கின்சனுக்கு எழுதி வருந்தினார். மெய்ப்புப் பார்க்க ஆளில்லாமல் இதழ் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் செய்தி இது. 1890இன் பதிப்பாசிரியர்களோ வரிகளின் நடுவே எமிலி இட்ட சிறு கோடுகளை நீக்கி, எதுகையைச் சரிசெய்து, தலைப்பும் வைத்தார்கள். 1955இல் தாமஸ் ஜான்சன் பதிப்பில்தான் கோடுகள் திரும்பி வந்தன. ஹாரிஸ் சொல்லும்போது அவை மூச்சாகின்றன: வாக்கியத்தின் நடுவே ஒரு நிறுத்தம், தேநீர்க் கோப்பை பாதி தூரத்தில் அப்படியே நிற்கிறது, பிறகு அடுத்த சொல். அந்த இடத்தில் எங்கே கடிதம் முடிந்தது, எங்கே கவிதை தொடங்கியது என்று பிரித்தறிய முடியவில்லை. பதிப்பாசிரியர்கள் வெட்டியதை ஒரு நடிகை தொண்டையால் ஒட்டவைக்கிறார்.

பிரச்சினை, அந்த நிறுத்தங்கள் போதவில்லை என்பதுதான். தலைப்பையே பாருங்கள். பதினேழு வயதில் ஆம்ஹர்ஸ்டின் அழகி நானாகத்தான் இருப்பேன் என்று பதினான்கு வயதில் தோழிக்கு எழுதிய விளையாட்டுப் பேச்சு அது. இந்தக் குறும்புக்காரியை நமக்கு உடனே பிடித்துப்போகிறது. தாள்களை மடித்து, தானே ஊசிநூலால் தைத்து, நாற்பது ஏடுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பெண்ணைப் பிடித்துப்போக நேரம் ஆகும். ஒரே பிரதி, வாசகர் இல்லாத கையெழுத்துப் பத்திரிகை நாற்பது இதழ்! 1886இல் எமிலி இறந்த பிறகுதான் தங்கை லவீனியா அந்தப் பெட்டியைத் திறந்தார்.

இந்த வேடத்தை அடுத்து ஏற்கப்போகும் நடிகைக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். மேடையில் ஒரு கதவு இருக்கட்டும். நாடகத்தின் நடுவில் எழுந்து அதற்குள் போய்விடுங்கள். காலி நாற்காலியையும் ஆறிப்போகும் தேநீரையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பென்சில் ஓடும் ஓசை மட்டும் கேட்கட்டும். செருமல் எழும், நாற்காலிகள் கிரீச்சிடும், பரவாயில்லை. மேபல் பாடியபோது எமிலி செய்ததைத்தான் நாங்களும் செய்யவேண்டும்: கதவுக்கு இந்தப் பக்கம், இருட்டில், கேட்டுக்கொண்டிருப்பது.