சென்ட்ரிங் போடுமுன் சிந்திப்பீர்!



தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை வட்டாரத்தில் எழும்பி நிற்கும் புது வீடுகளைப் பாருங்கள். அவற்றில் எத்தனை வீடுகள் வளைகுடா வெயிலில் சிந்திய வியர்வை! பெண்டு பிள்ளைகளைப் பிரிந்து பத்து வருடம், பதினைந்து வருடம் சேர்த்த பணம் அது. அந்தப் பணத்தை எதை நம்பிக் கொட்டுகிறோம்? மேஸ்திரியின் வாய்க்கணக்கை நம்பி! ஒரு தாளில் நான்கு கோடு, "சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரு பேச்சு. மேற்கொண்டு கேட்டால், "போகப் போகப் பார்த்துக்கலாம் பாய்!"

போகப் போக என்ன பார்க்கிறோம்? கான்கிரீட் போட்டு முடிந்த பிறகு குழாய்க்காரர் வந்து பீமைக் கொத்துகிறார். மாடிப்படி தலையில் இடிக்கிறது. "இன்னும் இரண்டு டன் கம்பி வேணுமாம்" என்று சவூதியில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி போகிறது. ஏன் இரண்டு டன்? அவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. சொல்லப்போனால் மேஸ்திரிக்கே தெரியாது!

கம்பி வியாபாரம் செய்யும் சகோதரரே, உங்களுக்குத் தெரியாததா? 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.66 கிலோ. எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி, எங்கே வளைவு, எங்கே வெட்டு என்ற பட்டியல் கையில் இருந்தால் மொத்த எடை வந்துவிடும். பட்டியல் இல்லாத வீட்டில்தான் மிச்சக் கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. அல்லது இராத்திரியோடு இராத்திரியாக வேறு சைட்டுக்கு நடந்து போய்விடுகிறது!

இதிலே வேதனை என்ன தெரியுமா? துபாய் மாநகராட்சி 2014 முதல் 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கும் 'பிம்' எனும் முறையைக் கட்டாயமாக்கியது. மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பதுதான் பிம். குழாயும் பீமும் மோதினால் திரையிலேயே காட்டிக்கொடுக்கும். சுவரை ஓரடி நகர்த்தினால் செங்கல் கணக்கும் கூடவே மாறும். சிங்கப்பூரும் பெரிய கட்டடங்களின் வரைபடத்தை இந்த முறையில்தான் கேட்கிறது. அந்த நாட்டு சைட்டுகளில் வேலை பார்ப்பவர் யார்? நம் ஊர்ப் பிள்ளைகள்! அங்கே கணக்கோடு கட்டிக்கொடுத்துவிட்டு, சொந்த வீட்டை மட்டும் குத்துமதிப்பாகக் கட்டலாமா?

"ரெண்டு மாடி வீட்டுக்கு இதெல்லாம் எதுக்கு? காசு கொழுத்தவன் வேலை" என்கிறார்கள். காசா? ஃபிரீகேட் என்ற மென்பொருள் இலவசம். அதிலேயே பிம் வரையலாம். ஓரளவு நல்ல கம்ப்யூட்டரும், ஆறு மாதப் பொறுமையும் உள்ள டிப்ளமோ சிவில் படித்த பையனும் போதும். (தூண், பீம் கணக்கை மட்டும் தகுதியுள்ள பொறியாளரே பார்க்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை மறந்துவிடாதீர்கள்.)

சட்டமும் மாறிவிட்டது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் அனுமதி பெறும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் சான்று தருபவர் யார்? நீங்கள்! யாரோ தட்டிக்கொடுத்த வரைபடத்தில் மூன்றடி விட்டதாகக் காட்டிவிட்டு, இடத்தில் ஓரடிதான் விட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. அதிகாரி தலையில் போட முடியாது.

அதற்காக இயந்திரம் வீட்டை அச்சடிக்கும் கதையைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். 2016இல் துபாயில் ஓர் அலுவலகத்தின் பாகங்களை 17 நாளில் அச்சடித்தார்கள். 2021இல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அப்படி ஒரு வீடு எழும்பியது. பார்க்க அதிசயம்தான். இன்றைக்கு நம் தெருவுக்கு வேண்டியது அதுவல்ல, அளந்து வரைந்த ஒரு முழு வரைபடமும் ஒரு கம்பிப் பட்டியலுமே.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஜூனில் சாரல் தொடங்கிவிடும் என்ற அவசரத்தில், மே மாதம் மேல் தளம் எழுப்புகிறீர்கள். பழைய அஸ்திவாரம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று யாரிடம் கேட்டீர்கள்? 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனது. மலையடிவாரத்துத் தண்ணீர் சொல்லிவிட்டு வராது. மனையின் மட்டத்தைக் கருவி வைத்து அளந்து, நீர் ஓடும் வழியை வரைபடத்தில் குறிக்காமல் அங்கே ஒரு செங்கல்கூட வைக்கலாகாது.

ஹார்டுவேர் கடைக்காரர்களே! உங்கள் கடையில் ஒரு மேசையை ஒதுக்குங்கள். ஊரில் சும்மா இருக்கும் டிப்ளமோ பையனுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். கம்பி வாங்க வருபவரிடம் முதலில் பட்டியல் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பையனிடம் அனுப்புங்கள். அரை டன் விற்பனை குறையலாம். குறையட்டுமே! அடுத்த வீட்டுக்காரரும் உங்கள் கடையைத் தேடித்தானே வரப்போகிறார்?