சாஃப்ட் காப்பி கையில் இருந்தும் ஏன் மறுபடி வரைய வேண்டும்?

அடையாறு, மயிலாப்பூர் பக்கம் பழைய அடுக்குமாடிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. இதில் அடிக்கடி கிளம்பும் சண்டை ஒன்று உண்டு. பாதியில் ஆர்க்கிடெக்ட் மாறுகிறார். பழையவர் கட்டட மாடலின் சாஃப்ட் காப்பியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். புதியவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இதில் மேற்கொண்டு வேலை செய்ய முடியாது, முதலிலிருந்து மாடல் போட வேண்டும்” என்று தனிக் கட்டணம் கேட்கிறார். ஃபிளாட் சங்கத்தாருக்குச் சந்தேகம் வருகிறது. வருவது நியாயம்தான், ஆனால் பெரும்பாலும் புதியவர் சொல்வது உண்மை.

பழையவர் பயன்படுத்திய மென்பொருள் ஆர்க்கிகேட், புதியவருடையது ரெவிட் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க்கிகேட் 1984இல் ஹங்கேரியில் பிறந்தது. ரெவிட் 2000இல் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. இரண்டுமே சுவரைச் சுவராக அறிந்தவை. சிக்கலே அதனால்தான். ஆட்டோகேட் வரைபடத்தில் இருப்பது வெறும் கோடு. கோடு எங்கே போனாலும் கோடுதான். மாடலில் இருக்கும் ஒன்பது இன்ச் சுவரோ 230 மி.மீ. செங்கல், இருபுறமும் பூச்சு, மேலே ஸ்லாப் வரை உயர வேண்டும், தூண் வந்தால் விலக வேண்டும் என்று பல கட்டளைகளைச் சுமந்து நிற்கிறது. எந்தப் பொருள் எதற்கு வழிவிட வேண்டும் என்பதை ஆர்க்கிகேட் பொருளுக்குப் பொருள் ஒரு முன்னுரிமை எண் கொடுத்து முடிவு செய்கிறது. ரெவிட் சுவரின் ஒவ்வோர் அடுக்கும் என்ன வேலைக்கானது என்று பார்த்து முடிவு செய்கிறது. இந்த நடத்தை மென்பொருளுக்குள் இருக்கிறது. கோப்போடு அது வெளியே வராது.

இப்படி வெவ்வேறு மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம் ஒன்று வேண்டும் என்று 1990களின் நடுவில் சில அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சிதான் ஐ.எஃப்.சி. இன்று அது பில்டிங்ஸ்மார்ட் என்ற பன்னாட்டு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது, 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்ற முழுத் தரமாகவும் ஆனது. வழக்கமான ஐ.எஃப்.சி. கோப்பை நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம். இது சுவர், இது எந்த மாடி, என்ன பொருள், ஜன்னலுக்கான திறப்பு எங்கே என எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் நாலடி ஜன்னலை ஐந்தடியாக்கு என்றால் பெரும்பாலும் அசையாது. இட்லியாக வெந்ததை வைத்துத் தோசை வார்க்க முடியாதல்லவா, அது போலத்தான்.

இதை ஐ.எஃப்.சி.யின் குறை என்று சொல்வது தவறு. இன்று அது பெரிதும் பயன்படுவது மாடல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத்தான். தி.நகரில் இருக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அவருடைய மென்பொருளில் பீம் போடுவார். ஏ.சி. டக்ட் போடுபவர் வேறொன்றில் போடுவார். இரண்டையும் ஆர்க்கிடெக்ட் தன் மாடல்மேல் வைத்தால், டக்ட் பீமைத் துளைத்துக்கொண்டு போவது சென்ட்ரிங் அடிக்கும் முன்பே தெரிந்துவிடும். அவரவர் மாடலை அவரவர்தான் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு ஐ.எஃப்.சி. அருமையான கருவி. அடுத்தவர் உட்கார்ந்து தொடர்ந்து வரைவதற்கு அதை நம்பினால்தான் மனக்கசப்பு.

அதற்காக எல்லாச் சாக்கையும் ஏற்க வேண்டியதில்லை. படிக்கட்டும் கைப்பிடியும் ‘பிராக்ஸி’ என்ற பெயரில் அடையாளமில்லாத உருண்டைகளாக வந்து சேர்ந்தால், அனுப்பியவர் எக்ஸ்போர்ட் அமைப்பைச் சரிபார்க்கவில்லை என்று பொருள். ஆர்க்கிடெக்ட் மாடலும் ஸ்ட்ரக்சுரல் மாடலும் பல மீட்டர் தள்ளித் தள்ளி நின்றால், பொதுவான ஆரம்பப் புள்ளியை யாரும் பேசி வைக்கவில்லை. இவை சோம்பல். இதற்கு நீங்கள் காசு கொடுக்கக் கூடாது.

சிங்கப்பூரில் கட்டட அனுமதிக்கான கோர்நெட் எக்ஸ் முறை, அந்நாட்டுக்கென வகுத்த ஐ.எஃப்.சி. வடிவில் மாடலைக் கேட்கிறது. அரசாங்கமே கேட்பதால் அங்கே ஒழுங்காக எக்ஸ்போர்ட் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். நம் ஊரில் அனுமதிக்குப் போவது இன்னமும் வரைபடம்தான். மாடல் சரியாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. இந்த அலட்சியம் சின்ன விஷயமல்ல. மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் அமெரிக்காவில் பெரிய கட்டடத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் வீணாவதாக அந்நாட்டின் தர நிர்ணய நிறுவனம் 2004இல் கணக்கிட்டது.

எனவே, வேலையை ஒப்படைக்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: மூல மென்பொருளின் கோப்பு, ஐ.எஃப்.சி., பி.டி.எஃப். மூன்றும் ஒரே தேதியில் எடுத்தவையாக இருக்க வேண்டும். எந்த ஆண்டின் பதிப்பு என்பதும் இருக்கட்டும். புதிய ரெவிட்டில் சேமித்ததைப் பழைய ரெவிட் திறக்காது. ஐ.எஃப்.சி.யைப் பார்க்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கடைசித் தவணைக்குக் காசோலை எழுதும் முன் சங்கத்து இளைஞர் ஒருவரை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.