ஆட்டத்தை விற்பது குற்றமில்லையா?

ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே விலைபேசும் 'மேட்ச் பிக்சிங்' ஒழுங்கீனமாக இருக்கலாம். ஆனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு கூறும் மோசடி ஆகாது. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் 2022 ஜனவரியில் அம்மாநில உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் சாரம் இது. நடவடிக்கை எடுப்பது கிரிக்கெட் வாரியத்தின் வேலை என்றும் அது கூறியது.

நீதிமன்றத்தைக் குறைகூறிப் பயனில்லை. அதன் கையில் சட்டம் இல்லை. ஐபிஎல் ஊழல் வெடித்த 2013இல் வரையப்பட்ட விளையாட்டு மோசடித் தடுப்பு மசோதா சட்டமாகவில்லை. லோதா குழுவும், 2018இல் சட்ட ஆணையமும் இதனைக் குற்றமாக்கப் பரிந்துரைத்தன. அண்டை நாடான இலங்கை 2019இலேயே தனிச்சட்டம் இயற்றிவிட்டது.

இதற்கிடையே சூதாட்டம் உருமாறிவிட்டது. 'எக்ஸ்சேஞ்ச்' எனப்படும் இணையப் பந்தயச் சந்தைகளில் ஓர் அணி தோற்கும் என்றும் பணம் கட்டலாம். பங்குச் சந்தையைப் போலவே ஆட்டத்தின் நடுவிலும் விலை ஏறி இறங்கும். தோல்வியே சரக்காகும் சந்தையில், வேண்டுமென்றே தோற்பவருக்கும் விலை உண்டு. கோடிகளில் ஏலம் போகும் நட்சத்திரத்தைவிட, சொற்ப ஊதியம் பெறும் உள்ளூர் ஆட்டக்காரரே அதற்கு எளிதில் இரையாகக்கூடியவர்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025இல் தடைசெய்தது. அத்தடை பந்தயக் கடையை மூடலாம். ஆட்டத்தை விலைபேசும் தரகரை அது தொடவில்லை. ஒளிபரப்பு உரிமத்தில் கோடிகளைக் குவிக்கும் வாரியமே புலனாய்வாளராகவும் நீதிபதியாகவும் இருப்பது, பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பதாகும். மேட்ச் பிக்சிங்கைக் குற்றமாக்கும் சட்டமும், வாரியத்துக்குக் கட்டுப்படாத விசாரணை அமைப்பும் இனியும் தள்ளிப்போடத் தக்கவையல்ல.